தொடர்புப் படிவத்தின் நோயும் மருந்தும்

முன்னுரை

கிருஷ்ணகிரி மாவட்டம் 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 9-ஆம் நாள் தருமபுரி மாவட்டத்திலிருந்து பிரிந்து உருவாயிற்று. ஒரு புறம் கருநாடகம், மற்றொரு புறம் ஆந்திரம். ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழில் வளாகம் எழுந்தது முதல், இங்கே ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது ஆகிய மொழிகள் ஒரே தெருவில் ஒலிக்கின்றன. பிழைப்புத் தேடி வட மாநிலங்களிலிருந்து வந்தோரின் மொழிகளும் அவற்றோடு சேர்ந்துவிட்டன.

இத்தகைய மாவட்டத்தில் ஒரு கல்லூரியையோ அலுவலகத்தையோ நேரில் அணுகுவது எல்லாருக்கும் எளிதன்று. இரவு ஷிப்டு முடித்து வீடு திரும்பிய தந்தை பகல் பதினொரு மணிக்கு அலுவலக வாசலில் நிற்க முடியாது. அஞ்செட்டி மலைப் பகுதியிலிருந்து ஒரே ஒரு கேள்வி கேட்க வருபவர் அன்றைய கூலியை இழந்துதான் வரவேண்டும். இவர்களுக்கென்றே நிறுவனங்களின் இணையதளத்தில் ஒரு சிறிய சன்னல் திறந்து வைக்கப்பட்டுள்ளது. பெயர், தொலைபேசி எண், செய்தி என்று நான்கைந்து கட்டங்களும், கீழே ‘அனுப்பு’ என்னும் பொத்தானும் கொண்ட தொடர்புப் படிவமே அது.

அந்தச் சன்னல் சரியாக இயங்குகிறதா, இயங்காதபோது பழுதை எவ்வாறு கண்டறிவது என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எங்கள் ஆய்வகத்தில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து மாதிரிப் படிவம் ஒன்றை அமைத்து, பழுதுகளை வேண்டுமென்றே ஒவ்வொன்றாக உண்டாக்கிப் பார்த்தேன். அதில் கண்டவற்றையும், நூல்வழி அறிந்தவற்றையும் கணிப்பொறி பயிலாத நண்பர்களுக்கும் விளங்குமாறு கூற முயல்கிறேன்.

மிகக் கொடிய பழுது எது?

படிவம் திறக்கவே இல்லையெனில் மனிதர் வேறு வழி தேடுவார். தொலைபேசியில் அழைப்பார், தெரிந்தவரிடம் சொல்லி அனுப்புவார். ‘பிழை’ என்று சிவப்பு எழுத்தில் காட்டினாலும் அவ்வாறே. ஆனால் ‘நன்றி, தங்கள் செய்தி பெறப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டிவிட்டு, அந்தச் செய்தியைத் தொலைத்துவிடும் படிவம் உண்டு. அதை நம்பியவர் வீட்டில் காத்திருப்பார். கட்டணத்திற்குக் கடைசி நாள் கடந்துவிடும். மாற்றுச் சான்றிதழ் பற்றிய ஐயம் ஐயமாகவே நின்றுவிடும். அலுவலகத்தாரோ, ‘யாரும் எழுதிக் கேட்கவில்லையே’ என்பார்கள். இருவரும் உண்மையே பேசுகிறார்கள். இடையில் நின்ற படிவம்தான் பொய் சொல்லிவிட்டது.

2020-ஆம் ஆண்டு கொரோனாத் தொற்றுக் காலத்தில் தமிழகத்தின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கான விண்ணப்பம் இணையவழிக்கு மாறியது. அதன் பிறகு, கல்லூரி வாசலையே மிதித்தறியாத குடும்பங்கள் முதன் முதலில் காண்பது கல்லூரியின் இணையதளத்தைத்தான். முதல் சந்திப்பிலேயே பொய் சொல்லும் சன்னல் நமக்கு வேண்டா.

படிவம் செல்லும் பாதை

1995-ஆம் ஆண்டு நவம்பரில் வெளியான எச்.டி.எம்.எல். 2.0 வரையறையில் படிவம் முறைப்படி இடம்பெற்றது. அதே ஆண்டில் மேட் ரைட் என்னும் அமெரிக்க இளைஞர், படிவத்தில் எழுதியதை மின்னஞ்சலாக மாற்றி அனுப்பும் ‘ஃபார்ம்மெயில்’ என்ற சிறு நிரலை எழுதி இலவசமாக வழங்கினார். உலகெங்கும் எண்ணற்ற தளங்கள் அதைப் பயன்படுத்தின. முப்பது ஆண்டுகள் கடந்தும் அடிப்படைப் பாதை மாறவில்லை. அப்பாதையில் ஐந்து கட்டங்கள் உள்ளன.

முதற்கட்டம் திரை: படிவம் தோன்றி, எழுதுவதற்கு இடம் தருவது. இரண்டாவது சரிபார்ப்பு: எழுதியதை உலாவி ஏற்பது. மூன்றாவது சர்வர்: செய்தி தளத்தின் கணிப்பொறியை அடைவது. நான்காவது அஞ்சல்: அங்கிருந்து மின்னஞ்சலாகப் புறப்பட்டு உரியவர் பெட்டியை அடைவது. ஐந்தாவது மனிதர்: ஒருவர் அதைத் திறந்து படித்து மறுமொழி தருவது.

ஓசூரிலிருந்து புறப்பட்ட லாரி பெங்களூருக்குப் போய்ச் சேரவில்லையென்றால், ஜூஜூவாடியைக் கடந்ததா, அத்திப்பள்ளியைக் கடந்ததா என்று வழிநெடுக விசாரிப்போம் அல்லவா? படிவத்திற்கும் அதே விசாரணைதான். ஐந்து கட்டங்களையும் வரிசையாகத் துருவுவதைவிட, நடுவிலிருந்து தொடங்குவது சிக்கனம். ‘செய்தி சர்வரை அடைந்ததா?’ என்பதை முதலில் கேட்கவேண்டும். அடைந்ததென்றால் முதல் மூன்று கட்டங்களும் குற்றமற்றவை. அடையவில்லையென்றால் அஞ்சலைப் பற்றி இப்போதைக்குக் கவலைப்பட வேண்டுவதில்லை. ஒரே கேள்வியில் வேலை பாதியாகக் குறைந்துவிடுகிறது.

திரையில் தோன்றும் பழுதுகள்

இன்று பல தளங்களில் படிவம் அந்தத் தளத்திற்குச் சொந்தமானதாக இருப்பதில்லை. வேறொரு நிறுவனத்தின் சேவையில் உருவாக்கிய படிவத்தை ‘ஐஃபிரேம்’ என்னும் சட்டத்திற்குள் வைத்துத் தளத்தில் பதிக்கிறார்கள். சுவரில் துளையிட்டு அடுத்த வீட்டுச் சன்னலைப் பொருத்துவதைப் போன்ற ஏற்பாடு இது. இதில் வரும் பழுதுகள் பெரும்பாலும் நான்கு.

ஒன்று, உரிமை. கூகுள் படிவத்தை ஒரு நிறுவனத்தின் கணக்கில் உருவாக்கும்போது, அந்நிறுவனத்தார் மட்டுமே திறக்கலாம் என்ற கட்டுப்பாடு அமைந்திருக்கக்கூடும். கோப்பை இணைக்கச் சொல்லும் கேள்வி இருந்தாலும் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். உருவாக்கியவர் ஏற்கெனவே தம் கணக்கில் நுழைந்திருப்பதால் அவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும். வெளியாருக்கோ வெற்றுக் கட்டம்தான். எனவே சோதிப்பவர் எந்தக் கணக்கிலும் நுழையாமல், உலாவியின் தனிச்சாளரத்தில் திறந்து பார்ப்பது முதல் விதி.

இரண்டு, பூட்டு. நமது தளம் எச்.டி.டி.பி.எஸ். என்னும் பாதுகாப்பான முகவரியில் இருந்து, பதித்த படிவம் பழைய எச்.டி.டி.பி. முகவரியில் இருந்தால், உலாவி அதைத் தடுத்துவிடும். முகவரியில் ஓர் ‘எஸ்’ எழுத்தைச் சேர்ப்பதே பல நேரங்களில் போதிய மருந்தாகும். ஆனால் படிவம் இருக்கும் சர்வரும் அந்தப் பாதுகாப்பைப் பெற்றிருக்க வேண்டும்.

மூன்று, நீக்கம். வேர்டுபிரஸ் போன்ற மென்பொருளில் நிர்வாகி அல்லாத எழுத்தாளர் ஒருவர் ஐஃபிரேமை ஒட்டிச் சேமித்தால், பாதுகாப்புக் கருதி அந்த வரிகளை மென்பொருளே நீக்கிவிடும். ‘நேற்று ஒட்டினேன், இன்று காணோம்’ என்னும் புகாரின் காரணம் பெரும்பாலும் இதுவே.

நான்கு, உயரம். சட்டத்தின் உயரத்தைக் கணிப்பொறித் திரைக்கேற்ப அளந்து வைத்திருப்பார்கள். கைப்பேசியில் கட்டங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நீளும்போது ‘அனுப்பு’ பொத்தான் சட்டத்திற்குக் கீழே புதைந்துவிடும். மடிக்கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகளே இதனால் அல்லற்படுவர். எனவே குறைந்த விலைக் கைப்பேசி ஒன்றில் சோதிக்காத படிவம் சோதிக்கப்படாத படிவமே.

பெயரை ஏற்காத படிவம்

சரிபார்ப்பு என்னும் இரண்டாம் கட்டம் நம் பண்பாட்டோடு மோதும் இடம். ஆயத்தமாகக் கிடைக்கும் பல படிவங்கள் மேனாட்டுப் பெயர் முறைக்காகச் செய்யப்பட்டவை. அவை முதற்பெயரும் குடும்பப் பெயரும் கட்டாயம் என்கின்றன. நமக்கோ குடும்பப் பெயர் இல்லை, தலைப்பெழுத்து உண்டு. குடும்பப் பெயருக்குரிய கட்டத்தில் ‘மு’ என்றோ ‘கே’ என்றோ ஓரெழுத்தை இட்டால், ‘இரண்டு எழுத்தாவது வேண்டும்’ என்று சில படிவங்கள் மறுக்கின்றன. புள்ளி வைத்தால் ‘தகாத குறி’ என்கின்றன. ஆங்கில எழுத்துகளை மட்டுமே ஏற்குமாறு எழுதிய விதி, தமிழிலோ கன்னடத்திலோ தம் பெயரை எழுதுபவரை வாசலிலேயே நிறுத்திவிடுகிறது.

தொலைபேசி எண்ணிலும் இதே தொல்லை. ஒருவர் முன்னே 0 சேர்ப்பார். ஒருவர் 91 சேர்ப்பார். மற்றொருவர் நடுவில் இடைவெளி விடுவார். பத்து இலக்கம் மட்டுமே என்று அடம்பிடிக்கும் படிவம் மூவரையும் தள்ளிவிடும். ஓசூரில் தரைவழித் தொலைபேசியைக் குறிப்பிடுபவர் 04344 என்று தொடங்கினால் அவருக்கும் இடமில்லை. எல்லைப்புறம் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. இணைய முகவரியைக் கொண்டு ஊரைத் தாமே ஊகிக்கும் படிவங்கள், ஓசூரில் இருப்பவரைப் பெங்களூரில் இருப்பவராகக் கருதி மாநிலத்தைக் ‘கருநாடகம்’ என்று நிரப்பிவிடக்கூடும்.

இதற்கு மருந்து எளிது. பெயருக்கு ஒரே கட்டம் போதும். அதில் எம்மொழி எழுத்தையும் ஏற்கலாம். எண்ணில் உள்ள இடைவெளியையும் முன்னொட்டையும் நிரலே நீக்கிக்கொள்ளலாம். மனிதருக்கேற்பப் படிவம் வளைய வேண்டும். படிவத்திற்கேற்ப மனிதர் தம் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை.

சர்வரின் வாயிலில்

மூன்றாம் கட்டத்தைக் காண உலாவியிலேயே ஒரு கருவி இருக்கிறது. கணிப்பொறியில் எஃப் 12 விசையை அழுத்தினால் திறக்கும் பலகையில் ‘நெட்வொர்க்’ என்னும் பகுதியைப் பார்த்துக்கொண்டே படிவத்தை அனுப்ப வேண்டும். சர்வர் தரும் மூன்றிலக்க எண் அங்கே தோன்றும். 200 என்றால் சர்வர் வேண்டுகோளை ஏற்று மறுமொழி தந்தது எனலாம். 403 என்றால் காவல் தடுத்தது. 404 என்றால் படிவம் செல்ல வேண்டிய முகவரியே இல்லை. 500 என்றால் சர்வருக்குள் நிரல் முறிந்தது. இவ்வெண்ணைக் குறித்துக்கொண்டு பராமரிப்பாளரிடம் பேசினால், ‘வேலை செய்யவில்லை’ என்ற பொதுப் புகாரைவிடப் பத்து மடங்கு பயன் விளையும்.

இங்கே அடிக்கடி காணும் காரணங்கள் மூன்று. தளத்தின் முகவரி மாறும்போது, ‘நான் ரோபோ அல்லேன்’ என்று கேட்கும் காவல் சேவையின் சாவி பழைய முகவரிக்கே உரியதாக நின்றுவிடும். அடுத்து, வேகத்திற்காகப் பக்கத்தின் நகலைச் சேமித்து வைத்து வழங்கும் தளங்களில், படிவத்தோடு இணைந்த இரகசிய முத்திரை காலாவதியாகிவிடும். வேர்டுபிரஸில் அதன் ஆயுள் அதிகம் போனால் 24 மணி நேரம். காலையில் இயங்கிய படிவம் மறுநாள் மறுப்பதற்கு இது ஒரு காரணம்.

மூன்றாவது காரணம் கோப்பின் எடை. பி.எச்.பி. என்னும் நிரல்மொழியின் இயல்பு அமைப்பில் ஓர் இணைப்புக் கோப்பு 2 எம்.பி.க்கு மேலும், மொத்தச் செய்தி 8 எம்.பி.க்கு மேலும் போகக்கூடாது. இன்றைய கைப்பேசியில் மதிப்பெண் பட்டியலை ஒரு படம் எடுத்தாலே 2 எம்.பி.யைத் தாண்டுவது இயல்பு. மொத்த வரம்பைத் தாண்டினால், எழுதிய பெயரும் செய்தியும்கூட நிரலுக்குக் கிட்டாமல் வெறுமையாகிவிடும். எல்லாவற்றையும் நிரப்பியவரிடம் ‘பெயரை எழுதுக’ என்று படிவம் மீண்டும் கேட்பது இதனால்தான். வரம்பை உயர்த்துவதோடு, ‘இத்தனை எம்.பி.க்குள் இணைக்க’ என்று முன்கூட்டியே எழுதி வைப்பதும் கடமையாகும்.

அஞ்சலில் தொலைவது

‘நன்றி’ என்று காட்டிவிட்டுச் செய்தி தொலைவது இந்த நான்காம் கட்டத்தில்தான் மிகுதி. பி.எச்.பி.யின் அஞ்சல் கட்டளை ‘ஆம்’ என்று விடையளித்தால், மடலை அனுப்புவதற்காக ஏற்றுக்கொண்டேன் என்பதே அதற்குப் பொருள். உரியவர் கையில் சேர்ந்தது என்பது பொருளன்று. தெருமுனைப் பெட்டியில் கடிதத்தைப் போட்டதற்கும், தபால்காரர் அதை வீட்டில் கொடுத்ததற்கும் உள்ள வேறுபாடுதான். இந்த ‘ஆம்’ என்பதை நம்பிப் படிவம் நன்றி சொல்லிவிடுகிறது.

மடல் ஏன் சேருவதில்லை? முதற்காரணம் அனுப்புநர் முகவரி. பல படிவங்கள், எழுதியவரின் முகவரியையே மடலின் அனுப்புநராக இடுகின்றன. மறுமொழி எழுத வசதி என்பது அவர்கள் எண்ணம். ஆனால் கல்லூரியின் சர்வர், யாகூ முகவரியிலிருந்து வந்ததாகச் சொல்லி ஒரு மடலை அனுப்புவது, ஓர் ஆலையின் கேட் பாஸைக் காட்டி வேறோர் ஆலையின் லாரி வெளியேற முயல்வதற்கு ஒப்பானது. 2014 ஏப்ரலில் யாகூ நிறுவனம், தன் பெயரில் வரும் இத்தகைய மடல்களை நிராகரிக்குமாறு டிமார்க் என்னும் அறிவிப்பின் வழியாக உலகிற்குத் தெரிவித்தது. அன்று பல படிவங்களும் மடற்குழுக்களும் ஓசையின்றி நின்றன. மருந்து இது: அனுப்புநராகத் தளத்தின் சொந்த முகவரியை இடவேண்டும், எழுதியவரின் முகவரியை மறுமொழிக்குரிய இடத்தில் வைக்கவேண்டும்.

இரண்டாவது, அத்தாட்சி. எந்தச் சர்வர் நம் பெயரில் மடல் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்.பி.எஃப்.; மடலின்மேல் இடும் மின்முத்திரை டி.கே.ஐ.எம். தனியார் ஜிமெயில் பெட்டிகளுக்கு அனுப்புவோர் எல்லாரும் இவற்றுள் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் விதித்தது. நாளொன்றுக்கு 5,000 மடல்களுக்கு மேல் அனுப்புவோருக்கு இரண்டும் வேண்டும், டிமார்க்கும் வேண்டும்.

மூன்றாவது, கடவுச்சொல். ஜிமெயில் பெட்டியின் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் நிரலில் எழுதிவைத்து அனுப்பும் முறையைத் தனியார் கணக்குகளுக்குக் கூகுள் 2022 மே 30 முதல் நிறுத்திவிட்டது. இப்போது 16 எழுத்துகள் கொண்ட தனிச் செயலிக் கடவுச்சொல்லை இருபடிச் சரிபார்ப்போடு பெறவேண்டும், அல்லது வேறு முறையான அனுமதி வேண்டும். மடல் போய்ச் சேரும் பெட்டியையும் பார்க்க வேண்டும். கூகுளின் இலவசக் கணக்கின் மொத்த இடம் 15 ஜி.பி. அது நிரம்பினால் புதிய மடல் திரும்பிவிடும்.

தமிழ் கேள்விக்குறியாவது

மடல் வந்தும் படிக்க முடியாத நிலை ஒன்று உண்டு. தமிழில் எழுதியது முழுதும் கேள்விக்குறிகளாக வந்து நிற்கும். யூனிகோடு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யு.டி.எஃப். 8 வடிவில் 3 பைட்டு இடம் கொள்ளும். ஆங்கிலத்திற்கு ஒரு பைட்டு போதும். பழைய மேனாட்டு எழுத்து முறையில் அமைந்த தகவல் தளத்தில் தமிழை இட்டால், அதற்குத் தெரியாத எழுத்தெல்லாம் கேள்விக்குறியாக மாறிப் பதிவாகிவிடும். அவ்வாறு மாறியபின் மூல எழுத்தை மீட்க வழியே இல்லை. தமிழக அரசு 2010-இலேயே யூனிகோடைத் தன் எழுத்துத் தரமாக ஏற்றுவிட்டது. எனவே படிவம், தகவல் தளம், மடல் ஆகிய மூன்றும் ஒரே யு.டி.எஃப். 8 முறையில் அமைந்திருக்கச் செய்வது நம் பொறுப்பு. சோதனைச் செய்தியைத் தமிழில் ஒன்று, கன்னடத்தில் ஒன்று என அனுப்பிப் பார்ப்பது இம்மாவட்டத்திற்குப் பொருந்தும்.

பதிவேடு என்னும் மருந்து

இத்தனை பழுதுகளுக்கும் பொதுவான மருந்து ஒன்று நம் அலுவலகங்களில் பல்லாண்டுகளாக இருந்து வருகிறது. ஒரு மனு வந்தால் முதலில் அது பதிவேட்டில் ஏறும், ந.க. எண் பெறும், பிறகே மேசைக்குப் போகும். மேசையில் தாமதமானாலும் மனு வந்தது என்பதற்குச் சான்று நிற்கும். இணையப் படிவத்திற்கும் இதே ஒழுங்கு வேண்டும். செய்தியை முதலில் தகவல் தளத்தில் பதிய வேண்டும். பதிந்தபின் எண் ஒன்றை உண்டாக்க வேண்டும். அந்த எண்ணைக் காட்டித்தான் ‘நன்றி’ சொல்ல வேண்டும். மின்னஞ்சல் அதன் பிறகு புறப்படட்டும். அது வழியில் தொலைந்தாலும் பதிவு இருக்கும்; எழுதியவரிடம் எண்ணும் இருக்கும்.

பதிவதென்றால் காப்பதும் கடமை. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தேவையான தகவலை மட்டுமே கேட்கும் நெறியை வலியுறுத்துகிறது. ஓர் ஐயம் கேட்பவரிடம் ஆதார் எண்ணும் சாதியும் கேட்பது தேவையற்றது. அவ்வாறே, பழுது பார்க்கும் அவசரத்தில் காவல் அமைப்பை நீக்கிவிடுவதும் தகாது. ஃபார்ம்மெயில் நிரலின் பழைய பதிப்புகளில் மடல் யாருக்குச் செல்லவேண்டும் என்பதை வெளியாரே மாற்ற முடிந்தது. குப்பை மடல் அனுப்புவோர் அதைப் பயன்படுத்தி, பிறர் சர்வர்களைத் தம் தபால் நிலையமாக்கிக்கொண்டனர் என்பது வரலாறு தரும் பாடம்.

சோதிக்கும் முறை

நோயை அறிந்து, அதன் மூலத்தை அறிந்து, தணிக்கும் வழியையும் அறிந்து பின்னரே மருத்துவம் செய்க என்பது வள்ளுவர் காட்டும் நெறி. படிவத்திற்கும் அதுவே பொருந்தும். ஒவ்வொரு சோதனைச் செய்தியிலும் நாளும் மணியும் எழுதுக. அப்போதுதான் எது எங்கே நின்றது என்று தேட முடியும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுக. மூன்றை ஒருங்கே மாற்றினால் குணமானாலும் காரணம் விளங்காது. கல்லூரி வைஃபையில் ஒரு முறையும், கைப்பேசி இணைப்பில் ஒரு முறையும் அனுப்புக. குப்பை மடல் பெட்டியையும் திறந்து பார்க்க. கண்டதைக் குறிப்பேட்டில் எழுதி வைக்க. அடுத்த ஆண்டு வரும் மாணவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

சிப்காட் ஆலைகளில் பொருள் முழுதும் உருவானபின் மட்டும் சோதிப்பதில்லை, கட்டந்தோறும் சோதிக்கிறார்கள். அதுபோல வாரம் ஒரு முறை, திங்கட்கிழமை காலையில் ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பது ஐந்து நிமிட வேலை. நாட்டு நலப்பணித் திட்ட மாணவரோ கணிப்பொறித் துறை மாணவரோ இதனை ஏற்கலாம்.

முடிவுரை

நான்கு கட்டங்களையும் செப்பனிட்ட பின்னும் ஐந்தாம் கட்டம் எஞ்சி நிற்கிறது, அது மனிதர். அரசுக் கல்லூரிகளில் இடமாறுதலும் ஓய்வும் இயல்பு. படிவத்தின் மடல்கள் ஓர் ஆசிரியரின் சொந்த முகவரிக்குச் சென்றுகொண்டிருந்தால், அவர் மாறுதலாகிச் செல்லும் நாளில் சன்னலும் அவரோடு சென்றுவிடும். எனவே பெட்டி பதவிக்குரியதாக இருக்கட்டும். பொறுப்பு ஒப்படைக்கும்போது சாவிக்கொத்தோடும் பதிவேடுகளோடும் அந்தப் பெட்டியின் கடவுச்சொல்லும் கைமாறட்டும்; பெற்றுக்கொண்டவர் அதை உடனே மாற்றிக்கொள்ளட்டும். இருவரேனும் அதைப் பார்ப்பவராக இருக்கட்டும். எத்தனை நாளுக்குள் விடை வரும் என்பது படிவத்தின் அடியிலேயே எழுதப்பட்டிருக்கட்டும்.

மாணவத் தோழர்களே, நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன் முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். நமக்குப் பின் வரவிருப்போர் தளியிலும் வேப்பனப்பள்ளியிலும் ஊத்தங்கரையிலும் கைப்பேசியைக் கையில் வைத்துக்கொண்டு ஏதோ ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வழிகாட்டத் தெரிந்த அண்ணனோ அக்காவோ வீட்டில் இல்லாமல் இருக்கலாம். இந்த வாரம் நீங்கள் அறிந்த ஏதேனும் ஒரு நிறுவனத்தின் படிவத்தில் ஒரு நல்ல கேள்வியை எழுதி அனுப்பிப் பாருங்கள். விடை வந்தால் மகிழுங்கள். வராவிட்டால், எந்தக் கட்டத்தில் நின்றது என்று தேடத் தொடங்குங்கள். வழி இப்போது உங்களுக்குத் தெரியும்.